வெட்டு விளையாட்டு

காலையில் கோட்டைக் குளத்துப் பக்கம் நடக்கப் போகும்போது நம்மில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறோம்: “இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதுக்கெடுத்தாலும் டென்ஷன். நமக்கெல்லாம் அந்த வயசுல இன்னா கவலை இருந்துச்சி?” மற்றவர்கள் தலையாட்டுவோம். நானும் ஆட்டியிருக்கிறேன். போன வாரம், பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஒரு டீச்சரைப் பேரன் பள்ளியில் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது வாயைத் திறக்காமல் நடந்து வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் நடந்த அந்தக் கொலை உங்களில் பலருக்குத் தெரியும். யார் வெட்டினார், யார் செத்தார், கேஸ் எப்படி முடிந்தது என்றெல்லாம் அப்போது செஞ்சி டீக்கடைகளில் பேசாதவர்கள் கிடையாது. அதைக் கைக்கெட்டும் தூரத்திலிருந்து பார்த்தது ஐந்து வயசுப் பிள்ளை ஒன்று. அதற்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அவன் என் தம்பி. அவனுக்கு நான் ஐந்து வயசு மூத்த அக்கா.

ராணிக்கோட்டை மலைக்குப் பின்பக்கம், சிங்கவரம் போகிற வழியில் எங்கள் ஊர். அம்மா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அதே ஊர்தான். அம்மாவோடு பிறந்தவர் ஒருவர், எங்கள் மாமா. கல்யாணம் ஆகாதவர். சுருட்டை முடி, அகலமான கை. கோபம் வந்தால் முதலில் கைதான் பேசும். ஆனால் தம்பி மேல் உயிரையே வைத்திருந்தார். சைக்கிள் பாரில் பழைய துண்டைச் சுற்றி, அதில் அவனை உட்கார வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவார். அந்தச் சைக்கிளின் டைனமோ விளக்குக்கு அவரே மஞ்சள் நிறத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார். எதிரில் மஞ்சள் வெளிச்சம் வந்தால் தம்பி “மாமா!” என்று தெருவில் பாய்ந்துவிடுவான்.

அம்மாவின் பெரியப்பா மகன் இன்னொருவர். அவரைப் பெரிய மாமா என்போம். இரண்டு மாமாக்களுக்கும் பொதுவாக ஒரே கிணறு, ஒரே மோட்டார், தண்ணீர் விழ ஒரு சிமெண்ட் தொட்டி. ஒரு நாள் இவர் கொல்லைக்கு, அதாவது நிலத்துக்குத் தண்ணீர், மறுநாள் அவர் கொல்லைக்கு. பெரிய மாமாவுக்கு ஒரு பெண். தம்பியைவிட ஒரு வயசு மூத்தவள். அம்மாவை “அத்தை, அத்தை” என்று சுற்றிக்கொண்டே இருப்பாள். எங்கள் வீட்டில் கூழ் கரைத்தால் அவளுக்கும் ஒரு கிண்ணம் போகும்.

அந்த வருஷம் ஆடிக்குப் பிறகு மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக மனுஷர்களின் குரல் மேலே போயிற்று. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. வந்த நேரத்தில் யார் மோட்டாரைப் போடுவது என்று தினமும் சண்டை. ஒரு நாள் டீக்கடை வாசலில் மாமா கையை நீட்டிவிட்டார். பெரிய மாமாவின் முன்பல் ஒன்று உடைந்து மண்ணில் விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்து, வேட்டி நுனியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு எல்லோரும் மாமாவிடம், “தனியா கெணத்துப் பக்கம் போவாத” என்று சொன்னார்கள்.

புரட்டாசி மாதம். பள்ளிக்கூடம் இல்லாத நாள். எங்கள் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தோம். வேர்க்கடலையை நம் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிடுங்கிய செடிகளைக் குவித்துப்போட்டு, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காயைத் தனியாக ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பச்சைக் காயின் பால் வாசனையும் ஈர மண் வாசனையுமாகக் காற்று கனத்துக் கிடந்தது. வேலை செய்கிறவர்களுக்குச் செஞ்சியில் போண்டா வாங்கிவர மாமா சைக்கிளை எடுத்தார். தம்பி பாரில் ஏறிக்கொண்டான்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கிணற்றுப் பக்கத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கத்தல். பன்றியை அடிக்கும்போது வருமே, அந்த மாதிரி. அம்மா மடியிலிருந்த காயெல்லாம் சிதற எழுந்து ஓடினாள். நான் அவள் பின்னால் ஓடினேன்.

நான் பார்த்தது பின்பாதி மட்டும். மாமா வாய்க்கால் மேல் குப்புறக் கிடந்தார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே சதை வாய் மாதிரி பிளந்திருந்தது. ஒரு கை இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. விரல்கள் மட்டும் மண்ணைப் பிராண்டிக்கொண்டிருந்தன. மோட்டாரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. தொட்டி நிறைந்து வழிந்த தண்ணீர் அவரைச் சுற்றிக்கொண்டு சிவப்பாக வாய்க்காலில் போயிற்று. கரண்ட் நின்ற பிறகுதான் அது நின்றது. பெரிய மாமா கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். கொடுவாள் மடியில் கிடந்தது. மூச்சு வாங்கியது. அம்மாவைப் பார்த்து, ஏதோ மூட்டையைப் பற்றிப் பேசுவது போல, “உன் தம்பிய தூக்கினு போ” என்றார். பிறகு எழுந்து, அந்தக் கொடுவாளோடேயே ஸ்டேஷன் பக்கம் நடந்து போனார்.

அம்மா மாமாவின் மேல் விழுந்து கத்திக்கொண்டிருந்தாள். என் தம்பி எங்கே என்று நான்தான் தேடினேன். சிமெண்ட் தொட்டிக்குள் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. வெட்டு விழுவதற்கு முன்னால் மாமா அவனைத் தூக்கித் தொட்டிக்குள் போட்டிருக்கிறார். அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்துவிட்டு எல்லோரும், “நல்லவேள, கொழந்தைக்கு ஒண்ணும் ஆவல” என்றார்கள்.

அன்று பொழுது சாய்வதற்குள் எங்கள் பக்கத்து ஆண்கள் பெரிய மாமாவின் வீட்டுக்குப் போனார்கள். கூரை ஓடுகளையெல்லாம் கடப்பாரையால் நொறுக்கினார்கள். அவர் பெண்டாட்டியின் முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்தார்கள். கட்டியிருந்த கன்றுக்குட்டியின் காலை ஒருவன் உடைத்தான். அது கத்தியது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. அவர்களுடைய பெண் அந்த நேரம் முழுக்க நெல் கொட்டும் குதிருக்குள் மடங்கி உட்கார்ந்திருந்தாளாம். அது ரொம்ப நாளைக்குப் பிறகு தெரிந்தது.

தம்பியிடம் என்ன சொல்வது என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். “சின்னக் கொழந்த. ரெண்டு மாசம் போனா தானா மறந்துடுவான்” என்றார் எங்கள் நைனா, அதாவது அப்பா. அதனால் மாமா பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னார்கள். அவன் பார்த்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னார்கள். அம்மாவும் சொன்னாள்.

தம்பி கேட்டான்: “பெங்களூர்ல கட்டு போடுவாங்களா?”

“இன்னா கட்டு?”

“கழுத்துல.”

அம்மா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். நைனா அவன் கையில் ஒரு மிட்டாயைத் திணித்தார். நாங்கள் சொன்ன பொய்யையும் தான் பார்த்ததையும் எப்படியாவது ஒன்றாகச் சேர்த்துவிட அந்தச் சின்னத் தலை பாடுபட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு அவன் மேலே தண்ணீர் பட விடவில்லை. முகம் கழுவ மாட்டான். குளிக்க மாட்டான். ரைஸ் மில் மோட்டார் ஓடினால் டிராயரிலேயே ஒன்றுக்குப் போய்விடுவான். அதற்காக வாத்தியார் புளியங்குச்சியால் அவன் தொடையில் வரிவரியாக விளாசினார். உடம்பில் புளித்த நாற்றம் வர ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா அவனைப் பிடித்து வீட்டுக் கிணற்றடிக் கல்லில் நிறுத்தி, இரண்டு குடத்தைத் தலைமேல் கவிழ்த்தார். அவன் நைனாவின் கையைக் கடித்தான். விடவே இல்லை. பல் சதைக்குள் போய்விட்டது. நைனா இன்னொரு கையால் அறைந்த அறையில் அவன் போய்த் துவைக்கிற கல்லில் மோதினான். உதடு கிழிந்தது. அப்போதும் அழவில்லை. நைனாதான் அழுதார், தோட்டத்துச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு. அவர் கெட்டவர் கிடையாது. பயத்தை அடித்து விரட்டலாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவரையும் அப்படித்தான் வளர்த்திருந்தார்கள்.

அந்த விளையாட்டு எப்போது ஆரம்பித்தது என்று சரியாக நினைவில்லை. தெருவில் பையன்கள் பனைமட்டையைக் கத்தியாக வைத்துக்கொண்டு விளையாடுவது வழக்கம்தான். தம்பி அவர்களுக்கு ஒரு புது விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தான். “வெட்டு விளையாட்டு” என்று அதற்குப் பெயரும் அவனே வைத்தான். ஒருவன் பெரிய மாமா. தம்பி எப்போதும் மாமாதான், வேறு வேஷம் எடுக்க மாட்டான். முதலில் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி வருவான். கொஞ்ச தூரம் வந்ததும் நின்று, தன் சொந்தக் குரலில், “வேணாம் மாமா, வூட்டுக்குப் போலாம்” என்பான். பிறகு மாமா மாதிரி குரலைத் தடிப்பாக்கி, “சரிடா கண்ணு, போலாம்” என்பான். அப்படிச் சொன்ன பிறகும் நேராகப் போய் வெட்டு வாங்குவான். விழுவான். விரல்களால் மண்ணைப் பிராண்டுவான். அதைப் பார்த்த பையன்கள் சிரித்தார்கள்.

ஒருநாள் மாமாவின் பெரியம்மா முறைக்காரி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு தெருவைக் கூட்டினாள். ஒவ்வொரு பையனையும் அவன் வீட்டில் அடித்துத் தோலை உரித்தார்கள். நைனா தம்பியைப் பெல்ட்டால் அடித்தார். “செத்தவன வெச்சி வெளையாடறியா? செத்தவன வெச்சி வெளையாடறியாடா?” என்று கேட்டுக் கேட்டு அடித்தார். மாமா செத்துவிட்டார் என்ற சொல் அவன் காதில் முதல்முதலாக விழுந்தது அப்படித்தான், பெல்ட்டின் சத்தத்தோடு.

பிறகு யாரும் அவனோடு விளையாட வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு போடும்போது பிள்ளைகள் வரிசையாக உட்காருவோம். பெரிய மாமாவின் பெண் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்காருவாள். அவளோடு பேசினால் வீட்டில் அடி விழும். ஒருநாள் தம்பி தன் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக அவளிடம் போனான். வரிசையில் எல்லோரும் வாயில் வைத்த சோற்றோடு பார்த்தோம்.

“நீ உங்க நைனாவா இரு” என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். அவளோடு ஒருவர் பேசி எத்தனை நாள் ஆகியிருக்குமோ! “சரி” என்றாள்.

வீட்டில் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் யார் யாரை வெட்டுவார்கள் என்று எனக்குப் பயம். ஆனால் வாத்தியார் சொல்லிவிட்டார். பிள்ளைக்குள் செத்தவன் புகுந்துவிட்டான், கொன்றவன் மகளைத் தேடிப் போகச் சொல்வதே அவன்தான் என்று ஊர் முடிவு செய்தது. அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் மந்திரிக்கிறவர் இருந்தார். பஸ் பிடித்து, கடைசியில் மாட்டு வண்டி ஏறி அங்கே போனோம்.

ஒரு கொட்டகை. உள்ளே சாம்பிராணிப் புகையில் கண் எரிந்தது. தம்பியின் சட்டையைக் கழற்றி, இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். மந்திரிக்கிறவர் முதலில் வேப்பிலையால் அடித்தார். பிறகு அதே கொத்தின் காம்புப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டார்.

“யாருடா நீ? பேர சொல்லு!”

தம்பி தன் பெயரைச் சொன்னான்.

“பொய்! உள்ள இருக்கறவன் பேர சொல்லு!”

மறுபடியும் தன் பெயரையே சொன்னான். முதுகில் தடிப்புகள் எழும்பின. ஒரு தடிப்பு வெடித்து ரத்தம் வந்தது. “போவ மாட்டியா? சூடு வெச்சா போவியா?” என்று அவர் கரண்டியை நெருப்பில் வைத்தார். இரும்பு சிவக்கிறவரைக்கும் எல்லோரும் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு இன்றும் எனக்குக் கனவில் வரும். கரண்டி கிட்டே வந்தபோது தம்பி, “நான்தான்! நான்தான்!” என்று அலறினான்.

“பாத்தியா, ஒத்துக்கினான்” என்றார் மந்திரிக்கிறவர்.

அதுவரைக்கும் மூலையில் கல் மாதிரி உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். ஒரே தள்ளு. அந்த ஆள் நெருப்புச் சட்டியின் மேல் சாய்ந்தார், தணல் சிதறியது. அம்மாவின் புடவை முந்தானை பொசுங்கியது. அவள் அதை அணைக்கக்கூட இல்லை. பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். நைனா பின்னால் வந்து கெஞ்சினார், திட்டினார். அம்மா பஸ்ஸில் அவரோடு உட்காரவில்லை.

‘நான்தான்’ என்று அவன் கத்தியதை ஊரே பேய் சொன்னதாக எடுத்துக்கொண்டது. அம்மாவுக்கு மட்டும் அது என்னவோ மாதிரி பட்டிருக்க வேண்டும். அன்று இரவெல்லாம் அவன் முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, “இன்னாடா நீதான்? இன்னா நீதான்?” என்று கேட்டாளாம். அவன் பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டானாம்.

ஐப்பசி தொடக்கம். ராணிக்கோட்டைப் பாறைகளுக்கு நடுவில் சீத்தாப்பழம் கண் திறந்து பழுத்திருக்கும். அம்மா புல்லறுக்கப் போனாள், நான் கூடையோடு அவள் பின்னால் போனேன். தம்பி பள்ளிக்கூடத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த இடம் உங்களுக்குத் தெரியும். பெரிய பெரிய உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், நடுவில் ஆடு ஒதுங்குகிற அளவுக்கு நிழல் இருக்கும். ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

“நல்லா வெட்டு. அன்னிக்கி ரத்தம் வந்துச்சி.”

“எனக்கு வேணாம்டா. பயமா இருக்குது.”

“நீ சரியா வெட்டினாதான் முடியும். இல்லன்னா முடியவே முடியாது.”

நாங்கள் எட்டிப் பார்த்தோம். தம்பி மண்டி போட்டிருந்தான். சட்டை இல்லை. முதுகில் மந்திரிக்கிறவர் போட்ட தடிப்புகள் இன்னும் ஆறவில்லை. தோளில் புதிதாக ஒரு வெட்டு, அதிலிருந்து ரத்தம் முழங்கை வரைக்கும் ஓடியிருந்தது. அந்தப் பெண்ணின் கையில் நிஜ அரிவாள். பல் வைத்த கருக்கரிவாள். அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

அம்மா போன வேகம் எனக்குத் தெரியவில்லை. அவள் அந்தப் பெண்ணின் கையிலிருந்து அரிவாளைப் பிடுங்கியதும், முடியைப் பிடித்துப் பாறையில் மோதியதும் ஒன்றாக நடந்தது. “உங்க அப்பன் ஒண்ண தின்னது பத்தாதாடி? உனக்கு ஒண்ணு வேணுமா?” அந்தக் குரலை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் கேட்டதில்லை. கை மேலே ஓங்கியது. அரிவாள் அந்தக் கையில்தான் இருந்தது. அம்மாவுக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் ஓடவில்லை. கையைக்கூடத் தூக்கித் தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குனிந்து கழுத்தைக் கொடுத்தாள். அவளுக்கு அந்த விளையாட்டு நன்றாகப் பழகிப்போயிருந்தது.

தம்பி கத்தினான்: “வேணாம்மா! வூட்டுக்குப் போலாம்! வூட்டுக்குப் போலாம்மா!”

அம்மாவின் கை அப்படியே நின்றது. அரிவாளை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அதைப் பாறைச் சந்துக்குள் எறிந்தாள். அது இடித்து இடித்துக் கீழே போகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். புடவையைக் கிழித்துத் தம்பியின் தோளில் இறுக்கக் கட்டினாள். அந்தப் பெண்ணின் நெற்றியிலும் ரத்தம் வந்திருந்தது. அதையும் முந்தானையால் அழுத்திப் பிடித்தாள்.

“அன்னிக்கி இன்னா நடந்துச்சின்னு எனக்குக் காட்டு” என்றாள் தம்பியிடம். “நான் பாக்கல. நீதான் பாத்த. மொதல்ல இருந்து காட்டு.”

அவன் காட்டினான். சைக்கிளில் வருகிற மாதிரி வந்தான். செஞ்சி ரோட்டுக்குத் திரும்புகிற இடம் இது என்று காட்டி நின்றான். இந்தத் தடவை, “வேணாம் மாமா” என்று சொல்லவில்லை. “தொட்டில எறங்கணும் மாமா. ஒரே ஒரு தடவ, மாமா. போலாம் மாமா” என்று கெஞ்சினான். பிறகு தடித்த குரலில், “வேணாம்டா, அங்க அவன் இருப்பான்” என்றான். பிறகு தரையில் காலை உதைத்துக்கொண்டு அழுகிற மாதிரி நடித்தான். அப்புறம் நடிப்பு நின்றது, அழுகை மட்டும் நிற்கவில்லை.

“நான்தாம்மா. நான்தான் கூட்டினு போனேன். மாமா வேணாம்னாரு. நான்தான் அழுதேன்.”

அம்மா அவனை இழுத்து அணைக்கவில்லை. அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“மாமா செத்துட்டாருடா.”

“பெங்களூர்ல இல்லயா?”

“இல்ல. நான் பொய் சொன்னேன்.”

“திரும்ப வர மாட்டாரா?”

“மாட்டாரு.”

“வலிச்சிருக்குமா?”

“வலிச்சிருக்கும். கொஞ்ச நேரம். இப்ப வலிக்காது.” பிறகு சொன்னாள்: “நல்லாக் கேளு. நீ தண்ணில எறங்கணும்னு அழுத. சின்னப் பசங்க அழுவும். கொடுவாள எடுத்தது பெரிய மாமா. வெட்டினது பெரிய மாமா. நீ வெட்டல, நீ வெட்ட வெக்கவும் இல்ல. மாமா உன்ன தொட்டில ஏன் போட்டாரு தெரியுமா? உம்மேல படக்கூடாதுன்னு. உம்மேல கோவமா இருந்தா போட்டிருப்பாரா?”

“இல்ல” என்றான்.

“இன்னும் இன்னா கேக்கணும்? கேளு.”

அவன் கேட்டான். மாமாவை எங்கே வைத்தார்கள், எரித்தார்களா, எரிக்கும்போது சுடுமா, நம்மையும் வெட்ட வருவார்களா, நைனா செத்துவிடுவாரா. அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தெரியாததற்குத் தெரியாது என்றாள். மேலே பாறையில் குரங்குகள் சீத்தாப்பழத்தைப் பிய்த்துத் தின்று கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தன. வெயில் இறங்கியது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து நான் கூடையை எடுத்தேன். அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

“அத்தை.”

கொலைக்குப் பிறகு அவள் அம்மாவை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அம்மாவின் உடம்பு விறைத்ததைப் பார்த்தேன்.

“எங்க நைனா ஜெயில்ல இருந்து வந்தா என்னையும் வெட்டுவாரா?”

இதை எழுதும்போது எனக்கு அம்மாவின் வயசு நினைவுக்கு வருகிறது. முப்பதுகூட ஆகவில்லை. கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவள். கொன்றவனின் பெண்ணுக்கு, கொன்றவனைப் பற்றி அவள் பதில் சொல்ல வேண்டும். சும்மா இருந்திருக்கலாம். “உங்கம்மாவப் போய்க் கேளு” என்றிருக்கலாம். யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

“வெட்ட மாட்டாருடி” என்றாள். ஒவ்வொரு சொல்லையும் முள்ளைப் பிடுங்குகிற மாதிரி பிடுங்கித்தான் எடுத்தாள். “நீ பொறந்தப்போ நான் பக்கத்துல இருந்தேன். உங்க நைனா உன்ன கைல வாங்கிக்கினு அழுதாரு. உம்மேல அவுருக்கு உசுரு. எந்தம்பி மேலதான் அவுருக்குக் கோவம்.”

“உங்களுக்கு எம்மேல கோவமா அத்தை?”

“உங்க நைனா மேல எனக்குக் கோவம். சாவற வரைக்கும் போவாது. அது எனக்கும் அவுருக்கும். நீ அதுல இல்ல.” பிறகு அவள் நெற்றியைப் பார்த்து, “இப்ப அடிச்சது என் தப்பு” என்றாள்.

இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு அம்மா மலையிலிருந்து இறங்கினாள். தெருவே பார்த்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எங்கள் பக்கத்து ஆள் ஒருவன், “அவள ஏன் கூட்டினு வர? தூக்கிப் போடு!” என்று கத்தி ஒரு கல்லை எறிந்தான். அது அம்மாவின் இடுப்பில் பட்டது. அவள் நிற்கவில்லை, திரும்பவும் இல்லை.

பெரிய மாமாவின் வீட்டில் உடைந்த ஓட்டின் மேல் பனையோலை போட்டிருந்தார்கள். வாசலில் இத்தனை பேரின் காலடி கேட்டதும் கதவு திறந்தது. அவர் பெண்டாட்டி அரிவாள்மணையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் அடிக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். மகளின் நெற்றியில் ரத்தத்தைப் பார்த்ததும் அரிவாள்மணையை ஓங்கினாள்.

“நான்தான் அடிச்சேன்” என்றாள் அம்மா. “மஞ்ச வெச்சிக் கட்டு. அவுளுக்கு ஒரு பயம் இருந்துச்சி. உங்கிட்ட கேக்க முடியாம எங்கிட்ட கேட்டா. நான் சொல்லிட்டேன். நீயும் ஒரு தடவ சொல்லு.”

அந்த அம்மாள் அரிவாள்மணையைக் கீழே வைக்கவில்லை. ஆனால் ஓங்கிய கை இறங்கியது. மகளை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. இரண்டு குரல்.

வீட்டில் நைனா பெல்ட்டோடு நின்றுகொண்டிருந்தார். யாரை அடிப்பது என்று அவருக்கே தெரியவில்லை. அம்மா அவர் கையிலிருந்து அதை வாங்கி எரியும் அடுப்பில் போட்டாள். தோல் பொசுங்கிய நாற்றம் ரெண்டு நாளைக்கு வீட்டில் இருந்தது.

தம்பி ஒரே நாளில் சரியாகிவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் குளிக்க மார்கழி ஆயிற்று. முதலில் கால், பிறகு முழங்கால் என்று அம்மா சொம்பில் மோந்து மோந்து ஊற்றினாள். ஊற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் “ஊத்தட்டா?” என்று கேட்பாள். வெட்டு விளையாட்டை யாரும் தடுக்கவில்லை. அதை அவனாகவே சில தடவை விளையாடிவிட்டு, ஒருநாள் கோலிக்குண்டுக்குப் போய்விட்டான். அந்தப் பெண் மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். வாசல் வரைக்கும்தான் வருவாள். இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் நடுவே கடைசி வரைக்கும் பேச்சு இல்லை. அம்மா சொன்னபடியே, அவளுடைய கோபம் சாகிறவரைக்கும் போகவில்லை.

பெரிய மாமாவுக்கு விடுதலை என்று தகவல் வந்தபோது அந்தப் பெண் வயசுக்கு வந்து தாவணி போட்டிருந்தாள். நான் கல்யாணமாகிப் பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்த சமயம். அன்று காலையில் வந்து வாசலில் நின்றாள். தம்பிக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது.

“மத்தியான பஸ்ல நைனா வராரு. அம்மாக்கு முடியல. நான்தான் போய்க் கூட்டினு வரணும்” என்றாள். “மொகம்கூட சரியா ஞாபகம் இல்ல. இன்னா பேசறதுன்னே தெரியல.”

உள்ளே அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுபோயிற்று.

தம்பி அவளை உட்காரச் சொன்னான். தண்ணீர் கொடுத்தான். வெகுநேரம் இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நடுவில் அவள் ஒரு தடவை சிரித்தது மட்டும் கேட்டது. பிறகு எழுந்தாள்.

“நீயும் வரியா?” என்று கேட்டாள்.

“நான் வரல” என்றான் தம்பி. “நீ போயிட்டு வா.”

அவள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்துத் தனியாக நடந்து போனாள்.